ஊசி இறங்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள்

தேனி, இடுக்கி மாவட்ட எல்லையின் இருபுறமும் உள்ள அரசு சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள், செவிலியர்கள், மக்களைத் தேடி மருத்துவத் திட்டப் பணியாளர்கள், ஆஷா பணியாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். இந்த மடலில் உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று தெரிந்தால், சீட்டில் யூனிட்டைக் கூட்டி எழுதும் முன் அவர் ஊசி குத்திக்கொள்ளும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஊசி கொழுப்பில் நிற்கிறதா, தசைக்குள் இறங்குகிறதா, ஒரே இடத்தில் குத்திக் குத்தி அங்கே மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு ஸ்கேன் தேவையில்லை. விரல் நுனியும் இரண்டு நிமிடமும் போதும்.

எங்கள் பக்கத்து வாழ்க்கை உங்களுக்குத் தெரியாததல்ல. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியும் முன்பே ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை வட்டாரங்களின் ஏலத்தோட்டங்களுக்குக் களையெடுக்கவும் காய் பறிக்கவும் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோயாளிகள் நிறைய. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்த நோய் இருக்கிறது. கேரளத்தில் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. அந்தப் பெண்கள் ஊசி போட்டுக்கொள்ளும் நேரம் அதிகாலை. குடும்பமே தூங்கும் ஒற்றை அறையில், மங்கிய வெளிச்சத்தில், ஜீப்காரர் ஹாரன் அடிப்பதற்குள் போட்டு முடிக்க வேண்டும். இடத்தைத் தேர்ந்தெடுத்துப் போட அங்கே அவகாசம் ஏது? கை பழகிய இடத்துக்கே ஊசி போகிறது.

தோலுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள். மருத்துவர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்த மடலைப் படிக்கும் களப்பணியாளர்களுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கும் இது போய்ச் சேர வேண்டும்.

இன்சுலின் ஒரு ஹார்மோன். புரதத்தால் ஆனது என்பதால் விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோவில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக ஊசி வழியே அது செலுத்தப்பட்டது. நூறாண்டு கடந்தும் பெரும்பாலோருக்கு அதே தோலடி வழிதான். குப்பியில் இருக்கும் இன்சுலின் மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றி ஆறு ஆறாகக் கூடி நிற்கின்றன. தோலடிக் கொழுப்பில் இறங்கிய பின் உடல்நீரில் கலந்து, முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு ஒற்றை ஒற்றையாகவும் பிரிகின்றன. பிரிந்த பிறகுதான் மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்க முடியும். சாதாரண இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

ஆக, குத்திய மருந்து எப்போது, எவ்வளவு வேகமாக வேலை செய்யும் என்பதை முடிவு செய்வதில் அந்தக் கொழுப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கொழுப்பில் இரத்த ஓட்டம் தசையில் இருப்பதைவிடக் குறைவு. உடல் பருக்கும்போது கொழுப்பு பெருகும் வேகத்துக்கு இரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. எனவே ஒரு கிராம் கொழுப்புக்குக் கிடைக்கும் இரத்தம் இன்னும் குறைகிறது. கரிசலில் பாய்ச்சிய தண்ணீரும் செம்மண்ணில் பாய்ச்சிய தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை என்பது எங்கள் பள்ளத்தாக்கு விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தடித்த கொழுப்பில் போட்ட சாதாரண இன்சுலின் மெதுவாக வெளியேறி, உச்சத்தைத் தாமதமாக அடைகிறது. சாப்பிட்டவுடன் ஏறும் சர்க்கரையைப் பிடிக்க வேண்டிய மருந்து பிந்தி வருகிறது. பல மணி நேரம் கழித்து, சாப்பாடு எல்லாம் செரித்த பிறகு, மிச்சம் வந்து சேர்ந்து சர்க்கரையைக் கீழே இழுக்கிறது. அளவு கூடக் கூட இந்தத் தாமதமும் கூடுகிறது. ஒரே இடத்தில் தேங்கும் மருந்து பெரிதானால் அது கரைய நேரம் பிடிக்கும். பெரிய அளவுகளை இரண்டு இடங்களில் பிரித்துப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

பருத்தவர்களுக்கு அதிக இன்சுலின் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இந்தத் தாமதம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கல்லீரலிலும் தசையிலும் இன்சுலின் சொல்வது எடுபடாமல் போவதே முதல் காரணம். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்திருக்கும் கொழுப்புக்கு அதில் பங்கு உண்டு. தோலடிக் கொழுப்பு செய்வது வேறு வேலை, மருந்தின் நேரத்தைக் கலைப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், சர்க்கரை ஏறியது என்றவுடன் நான்கு யூனிட் கூட்டு என்று போய்க்கொண்டே இருந்தால், ஏறும்போது ஏறிக்கொண்டும் இறங்கும்போது தடாலென்று இறங்கிக்கொண்டும்தான் இருக்கும்.

எல்லா ஹார்மோன் ஊசிக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. சர்க்கரை நோய்க்கு வாரம் ஒரு முறை போடும் செமாக்ளூட்டைடு என்ற மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. சில மணி நேரத் தாமதம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. நாள் முழுதும் சீராக வேலை செய்யும்படி வடிவமைத்த கிளார்ஜின், டெக்ளுடெக் போன்ற இன்சுலின் வகைகளும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எதிர்ப்பக்கத்தில், இடுப்பில் தசைக்குள் போட வேண்டிய ஹார்மோன் ஊசிகள் பருத்த பெண்களுக்குத் தசையை எட்டாமல் கொழுப்பிலேயே நின்றுவிடுவதும் நடக்கிறது. மணிக்கணக்குப் பார்த்து, நாளுக்கு இரண்டு முறை, ஆயுள் முழுக்கத் தன் கையாலேயே போட்டுக்கொள்ளும் ஹார்மோன் இன்சுலின். அதுவும் அரசு நிலையங்களில் பெரும்பாலும் கொடுப்பது 30/70 கலவை, அதாவது சாதாரண இன்சுலின் 30 பங்கு, மெதுவாகக் கரையும் கலங்கலான இன்சுலின் 70 பங்கு. இவை இரண்டும்தான் இடத்துக்கு இடம் அதிகம் மாறுபவை. விலை குறைந்த மருந்தை வாங்கிக்கொள்ளும் ஏழைக்குத்தான் இடத்தைப் பற்றிய அறிவு அதிகம் தேவைப்படுகிறது. அவருக்குத்தான் அது குறைவாகச் சொல்லப்படுகிறது.

இனி ஒல்லியானவர்கள். இந்தியர் உடல்வாகைப் பற்றி மருத்துவ உலகம் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் ஒன்று உண்டு. கை கால் மெலிந்திருக்கும், வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்ந்திருக்கும். தோட்ட வேலைக்குப் போகும் பெண்களில் இதை அப்படியே பார்க்கலாம். தோலின் தடிமன் யாருக்கும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான். ஒல்லிக்கும் பருமனுக்கும் அதில் பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு எல்லாம் அதற்குக் கீழே உள்ள கொழுப்பில். வயிற்றில் அது சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும் அதே பெண்ணுக்குப் புயத்தில் நான்கைந்து மில்லிமீட்டர்கூட இருக்காது. நாங்கள் விற்கும் சிரிஞ்சுகளின் ஊசி பெரும்பாலும் 8 மில்லிமீட்டர், சிலவற்றில் 6. அந்த 8 மில்லிமீட்டர் ஊசியை மெலிந்த புயத்தில் நேராகக் குத்தினால் அது தசைக்குள் போய்விடும். தசையில் இறங்கிய இன்சுலின் வேகமாக இரத்தத்துக்குப் போகும். அந்தத் தசைக்கு வேலை கொடுத்தால் இன்னும் வேகமாகப் போகும்.

புயத்தில் ஏன் போடுகிறார்கள்? புடவையும் ரவிக்கையும் அணிந்த பெண்ணுக்கு, நாலு பேர் இருக்கும் அறையில், ஆடையைத் தளர்த்தாமல் எட்டும் இடம் இரண்டுதான். ஒன்று ரவிக்கைக் கைக்குக் கீழே உள்ள புயம். மற்றது இடுப்பு மடிப்புக்குப் பக்கத்தில் ஒரு விரற்கடை. ஊசி போடும் இடங்களின் வரைபடத்தில் தொடை, பிட்டம், வயிற்றின் நான்கு பகுதிகள் எல்லாம் இருக்கின்றன. ஒற்றை அறை வீட்டில் மாமனாரும் வளர்ந்த மகனும் படுத்திருக்கும்போது அவர் தொடையில் எப்படிப் போடுவார்? மேலும் ஒரு கையால் புயத்தில் குத்தும்போது இன்னொரு கையால் அங்கே தோலைக் கிள்ளிப் பிடிக்க முடியாது. கிள்ளிப் பிடித்துப் போட்டால் தசையை எட்டாது என்று நாம் சொல்லிக் கொடுக்கும் வித்தை, அவர் போடும் இடத்தில் செய்ய முடியாத வித்தை.

இதோடு மலை வந்து சேருகிறது. ஏலச்செடியில் காய் தூரடியில் பிடிக்கிறது. குந்தி உட்கார்ந்து, நகர்ந்து நகர்ந்து, சரிவில் ஏறி இறங்கிப் பறிக்க வேண்டும். கையும் தொடையும் நாள் முழுக்க ஓயாது. அதிகாலை ஐந்து மணிக்குப் போட்ட 30/70 கலவையின் மெதுவான பங்கு ஒன்பது மணிக்கு மேல் பிற்பகல் வரை உச்சத்தில் இருக்கும். அந்த நேரம் முழுக்க அவர் சரிவில் இருக்கிறார். சாப்பாட்டு மணி தள்ளிப்போகும் நாளில் சர்க்கரை இறங்குகிறது. கை நடுக்கம், வியர்வை, கண் இருட்டிக்கொண்டு வருதல். மேட்டில் வழுக்கி விழுந்தாள், வெயில் தாங்காமல் மயங்கினாள் என்று ஊருக்குள் சொல்லப்படுகிறவற்றில் எத்தனை உண்மையில் தாழ்ந்த சர்க்கரை என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. பள்ளத்தாக்கின் சூட்டில் தோலின் இரத்த ஓட்டம் கூடும், மலையின் குளிரில் குறையும். ஒரே ஊசி ஒரே நாளில் இரண்டு தட்பவெப்பத்தைக் கடக்கிறது. ஒரே அளவுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விளைவு வருவதைப் பார்த்து, மருந்து சரியில்லை என்று நோயாளி முடிவு கட்டுகிறார். நோயாளி சரியில்லை, பத்தியம் இருப்பதில்லை என்று மருத்துவமனை முடிவு கட்டுகிறது.

மேடுகளைப் பற்றி இனிப் பேச வேண்டும். என்னை இந்த மடல் எழுத வைத்தவை அவைதான்.

இன்சுலின் சர்க்கரையைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கொழுப்பைச் சேர்த்து வைக்கச் சொல்வதும் அதன் வேலை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடத்துக் கொழுப்பணுக்கள் பெருத்து, தோலுக்கு அடியில் மெத்தென்றோ கெட்டியாகவோ ஒரு மேடு உருவாகும். மருத்துவத்தில் இதை லைப்போஹைப்பர்ட்ரோபி என்கிறார்கள். பழைய காலத்து விலங்கு இன்சுலின் அவ்வளவு தூய்மையாக இல்லாததால் பலருக்கு ஊசி போட்ட இடத்தில் குழி விழுந்தது. மருந்து தூய்மையாகி, 1982-ல் மனித இன்சுலினும் விற்பனைக்கு அனுமதி பெற்ற பிறகு குழிகள் அரிதாகிவிட்டன. மேடுகள் அப்படிக் குறையவில்லை. அவை அழுக்கால் வருபவை இல்லையே, இன்சுலினின் சொந்தக் குணத்தால் வருபவை. தேய்ந்த ஊசியைப் பல முறை பயன்படுத்துவது அவற்றை இன்னும் கூட்டுகிறது.

அந்த மேட்டில் குத்தினால் வலிப்பதில்லை. பிழை நீடிப்பதற்கான காரணம் முழுவதும் இதில் இருக்கிறது. அங்கே உணர்ச்சி மங்கிவிடுகிறது. ஆகவே நோயாளி அந்த இடத்தைத் தேடிப் போகிறார். வலிக்காத இடம் கிடைத்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அக்காவுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அங்கே போட்ட மருந்து குறைவாகவும் மெதுவாகவும்தான் இரத்தத்துக்குப் போகிறது. அதைவிட மோசம், இன்று ஓர் அளவு, நாளை வேறோர் அளவு. ஸ்பெயினில் 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் இன்சுலின் போடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இத்தகைய மேடுகள் இருந்தன. காரணம் புரியாமல் சர்க்கரை இறங்கிப்போவது மேடு உள்ளவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு நடந்தது, இல்லாதவர்களில் 6 பேருக்கு. மேடு உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 15 யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் 15 யூனிட்டை நம் அரசுக் கிடங்கின் கணக்கில் வைத்துப் பாருங்கள். குப்பி பற்றவில்லை என்று மாதக் கடைசியில் கையை விரிக்கும் நிலையங்களில், எவ்வளவு மருந்து மேடுகளுக்குள் போய் வீணாகிறது!

நான் அத்தை என்று அழைக்கும் ஒரு பெண்மணி எங்கள் கடைக்குச் சிரிஞ்சு வாங்க வருவார். மலையில் களையெடுக்கும் வேலை. அவருடைய சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் காலை அளவு சில ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கூட்டல். தொப்புளின் இருபுறமும் உள்ளங்கை அகலத்துக்கு மேடு. முகாம் ஒன்றில் ஒரு செவிலியர் அதைத் தொட்டுக் கண்டுபிடித்து, இனி அங்கே போடாதீர்கள், தொடையில் போடுங்கள் என்றார். அந்த அம்மையாருக்கு நான் நன்றியுடையவன், அத்தனை ஆண்டுகளில் யாரும் செய்யாததை அவர் செய்தார். ஆனால் அளவைக் குறைக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மேட்டுக்குள் பாதி தொலைந்துபோகும் என்று கணக்கிட்டு ஏறிய அளவு, நல்ல கொழுப்பில் முழுதாக இறங்கியது. சில நாளிலேயே தோட்டத்தில் நினைவு தப்பி விழுந்தார். கூட இருந்த பெண்கள் சர்க்கரை கலந்த கட்டன் சாயாவைப் புகட்டி மீட்டார்கள். பிறகு அவர் எடுத்த முடிவு, தொடை ஆகாது, பழைய இடமே நல்லது என்பது. இன்றும் அங்கேதான் போடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொடையில் போட்டார், விழுந்தார். அவர் கண்ட உண்மை அதுதானே.

ஆகவே இடத்தை மாற்றச் சொல்லும் அதே நிமிடத்தில் அளவைக் குறைக்கவும் சொல்லுங்கள். ஐந்தில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கு மேலும் குறைக்க வேண்டியிருக்கும் என்று ஊசி முறை வல்லுநர்களின் பரிந்துரைகள் சொல்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. இந்த மடலைப் படிக்கும் நோயாளிகளையும் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மேடு இருப்பது தெரிந்தால் நீங்களாக இடத்தை மாற்றிவிடாதீர்கள், நீங்களாக அளவையும் குறைத்துவிடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

மருத்துவர்கள் சொல்லும் பதிலும் எனக்குத் தெரியும். தொற்றா நோய்ப் பிரிவில் வரிசை வாசல் வரை நிற்கிறது, ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, அதில் வயிற்றைத் திறந்து காட்டச் சொல்வது எப்படி என்பீர்கள். நியாயம்தான். அந்த வரிசையில் நிற்கும் பெண்ணும் காட்ட மாட்டார். அதனால்தான் களப்பணியாளர்களிடம் வருகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் மருந்துப் பெட்டியோடு வீடு தேடி வருபவர் பெரும்பாலும் அதே ஊர்ப் பெண், முகம் தெரிந்தவர். மலைக்கு அந்தப் பக்கம் ஆஷா சேச்சிகளும் அப்படித்தான். கதவைச் சாத்திக்கொண்டு, எங்கே குத்திக்கொள்கிறாய் அக்கா, காட்டு என்று அவரால் கேட்க முடியும். நின்றபடி ஒரு தடவை, படுத்தபடி ஒரு தடவை, விரல்களை ஈரப்படுத்திக்கொண்டு மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். பல மேடுகள் கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நல்ல தோலைக் கிள்ளினால் மெல்லிய மடிப்பாக எழும்பும், மேடு அப்படி எழும்பாது. இதைக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் பயிற்சி போதும். அந்தப் பயிற்சியைக் கொடுக்கச் சொல்லித்தான் மாவட்ட அதிகாரிகளை வேண்டுகிறேன்.

பயிற்சியில் இன்னும் சிலவற்றைச் சேர்க்கலாம். வயிற்றை நான்காகப் பிரித்து வாரம் ஒரு பகுதி என்று மாற்றுவது, ஒரு பகுதிக்குள்ளும் நேற்றைய இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளிப் போடுவது, தொப்புளை ஒட்டிப் போடாமல் இருப்பது. பாவாடை நாடா இறுக்கும் தடத்திலும் வேண்டாம் என்று நான் சேர்த்துக்கொள்வேன். நேரத்துக்கு நேரம் இடம் தாவக் கூடாது என்பதும் முக்கியம். சாதாரண இன்சுலின் வயிற்றிலிருந்து விரைவாகவும், புயத்திலிருந்து அதைவிட மெதுவாகவும், தொடையிலிருந்தும் பிட்டத்திலிருந்தும் இன்னும் மெதுவாகவும் இரத்தத்துக்குப் போகிறது. வயிற்றில் கொழுப்பு அதிகமாயிற்றே என்று கேட்பார்கள். அங்கே இரத்த ஓட்டமும் அதிகம். எனவே காலை ஊசிக்கு எப்போதும் வயிறு, இரவு ஊசிக்கு எப்போதும் தொடை என்று ஓர் ஒழுங்கு வைத்துக்கொண்டு, அந்தந்தப் பரப்புக்குள் இடம் மாற்றினால் கணக்கு தப்பாது. சரிவில் ஏறி இறங்கும் நாளில் காலை ஊசியைத் தொடையில் போட வேண்டாம். போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம், உடனே சுடுநீர் ஊற்ற வேண்டாம்.

ஊசியின் நீளத்தை உடலைப் பார்த்துக் கொடுங்கள். பருத்த உடலுக்கு நீண்ட ஊசி வேண்டும் என்ற எண்ணம் மருத்துவமனைகளிலும் இருக்கிறது, கடைகளிலும் இருக்கிறது. அது தேவையில்லை. தோல் 2 மில்லிமீட்டர்தான் என்பதால் இன்சுலின் பேனாவின் (மருந்துக் குழல் பொருத்திய, பேனா வடிவ ஊசிக் கருவியின்) 4 மில்லிமீட்டர் ஊசி பருத்தவருக்கும் கொழுப்பை எட்டிவிடும். பேனா இல்லாதவர்களுக்கு 6 மில்லிமீட்டர் சிரிஞ்சு கிடைக்கச் செய்யுங்கள், குறைந்தது மெலிந்தவர்களுக்காவது. 8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால் தோலைக் கிள்ளிப் பிடித்துச் சாய்வாகக் குத்தக் கற்றுக்கொடுங்கள், புயத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். குப்பி இலவசமாகக் கிடைக்கும் பலருக்கு அதற்குத் தேவையான சிரிஞ்சு கிடைப்பதில்லை. ஒரு சிரிஞ்சை வாங்கி, முனை மழுங்கி வலி தாங்காமல் போகும் வரை ஓட்டுகிறார்கள். கூலியில் அரிசி வாங்குவதா ஊசி வாங்குவதா என்ற நிலையில் இருப்பவரிடம், ஒவ்வொரு முறையும் புது ஊசி போடுங்கள் என்று கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று சொல்வது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. குப்பியோடு சேர்த்து மாதத்துக்குத் தேவையான சிரிஞ்சுகளையும் கொடுங்கள். பயன்படுத்திய ஊசிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு டப்பாவும் வையுங்கள்.

எல்லைக்காரர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. திங்கள் மலையேறி வார இறுதியில் இறங்குகிறவர்கள், அங்கே ஒரு மருத்துவமனையிலும் இங்கே ஒரு மருத்துவமனையிலும் காட்டுகிறார்கள். அங்கே மலையாளத்தில் எழுதிய சீட்டு, இங்கே தமிழில் சொன்ன அறிவுரை. இரண்டு பக்கமும் சர்க்கரையைப் பார்க்கிறார்கள், இரண்டு பக்கமும் அளவைக் கூட்டுகிறார்கள். இடத்தைப் பார்த்தார்களா என்பது எந்தச் சீட்டிலும் இல்லை. இதில் குப்பியும் மாறிவிட்டால் ஆபத்து பல மடங்கு. குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அந்த 40-க்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு. பேனாவின் குழலில் மில்லிக்கு 100 யூனிட். பேனா பழுதானால் குழலிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் உறிஞ்சிப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போகிறது.

நோயாளி கையில் வைத்திருக்கும் குறிப்பேட்டில் ஒரே ஒரு பக்கம் சேருங்கள். மனித உடலின் முன்புறம், பின்புறம் என இரண்டு கோட்டுப் படங்கள். மேடு இருக்கும் இடத்தில் பெருக்கல் குறி, போடலாம் என்ற இடத்தில் சரிக் குறி, பக்கத்தில் தேதியும் ஊசியின் நீளமும். தலைப்பு மட்டும் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கட்டும். கம்பத்தில் போட்ட குறி நெடுங்கண்டத்தில் புரியும், அங்கே போட்டது இங்கே புரியும். எழுதப் படிக்கத் தெரியாத அத்தைக்கும் அந்தப் படம் புரியும். மருந்துக்கடைக்காரர்களும் சிரிஞ்சு கொடுக்கும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கொடுப்போம். எங்கள் வட்டாரத்து மருந்தாளுநர்கள் சிலரிடம் பேசியிருக்கிறேன், அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள்.

தோட்ட மேலாளர்களுக்கும் கண்காணிகளுக்கும் நீங்கள் சொன்னால் எடுபடும் என்பதால் இதையும் சேர்க்கிறேன். இன்சுலின் போடுபவர் இடையில் பத்து மணிக்கு எதையாவது சாப்பிட அனுமதிக்கச் சொல்லுங்கள். முந்தானையில் குளுக்கோஸ் பொட்டலமோ நான்கு சர்க்கரை மிட்டாயோ முடிந்துகொண்டு போக நோயாளிக்கும் சொல்லுங்கள்.

காய் பறிப்பு மும்முரமாகும் மாதங்களுக்கு முன்பே இரு மாவட்டங்களிலும் இன்சுலின் போடுபவர்கள் எல்லோரையும் ஒரு முறை தொட்டுப் பார்த்து முடிக்க முடிந்தால் நல்லது. அதில் யாருக்கு இடம் மாற்றச் சொல்கிறீர்களோ, அவருக்கு மலை வேலை இல்லாத ஒரு வாரத்தைப் பார்த்து மாற்றுங்கள். அந்த வாரம் தினமும் சர்க்கரையைப் பார்க்க வழி செய்யுங்கள். நடுக்கம் வந்தால் எந்த நேரமும் கூப்பிடக்கூடிய ஒரு தொலைபேசி எண்ணை, தமிழ் பேசுபவர் எடுக்கும் எண்ணை, அந்தப் படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மருந்தாளுநர்